பெயரில்லாத சபையும் அத்தை கேட்ட கேள்வியும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சர்க்கரை. அடுத்து முழங்கால். அப்புறம் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது. இலை போடக் கொஞ்சம் நேரமிருந்தால் சின்ன வயசில் போன கோயில், கும்பிட்ட சாமி. நீங்களெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்கள். மாரியம்மன் கோயில், பெருமாள் கோயில், மாதா கோயில். என் முறை வரும்போது நான் பந்திக்கு எழுந்துவிடுவேன். போன மாதம் ஒருவர் விடவில்லை. "நீங்க கிறிஸ்டினுங்கதானே, எந்த சபை?" என்று கேட்டுக்கொண்டே கூடவே வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடித்த பிறகாவது எனக்குத் தெளிவாகுமா என்று தெரியவில்லை.

எங்கள் சபைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பெயருக்காகச் சண்டை வரும் என்று அதை ஆரம்பித்தவர்கள் நினைத்தார்களாம். வடக்கனந்தலில், ஓடாமல் நின்றுபோன ஒரு கடலை எண்ணெய் மில்லின் கிடங்கில் கூடுவோம். சனிக்கிழமைதான் எங்களுக்கு ஓய்வு நாள். சிலுவை இல்லை, மணி இல்லை, ஆர்மோனியம் இல்லை. கோரைப்பாயில் உட்கார்ந்து வெறும் வாயால் பாடுவோம். மில் நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் சுவரிலிருந்து புண்ணாக்கு வாசனை போகவே இல்லை. ஊரில் எங்களுக்கு இரண்டு பெயர் இருந்தது. மரியாதையாகச் சொல்கிறவர்கள் 'சனிக்கிழமைக்காரங்க' என்பார்கள். மற்றவர்கள் 'புண்ணாக்குக் கோயில்' என்பார்கள். இன்றைக்கும் மாட்டுத் தீவனக் கடையைத் தாண்டும்போது என் தலை தானாகக் குனிந்து கண் மூடப் பார்க்கிறது. என் மருமகள் இதைப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

அப்பா தனியார் பேருந்தில் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம், வடக்கனந்தல் வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் வரை போய்த் திரும்பும் பேருந்து. அந்தக் காலத்துக் கண்டக்டர்கள் கையில் வைத்திருந்த டிக்கெட் தட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கலர் கலராக டிக்கெட் கட்டுகளைச் செருகி வைத்திருக்கும் அலுமினியத் தட்டு. அப்பாவின் தட்டு கடைசியில் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதில் விரல் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லா நாளும் அப்பா வேலைக்குப் போவார். பதிலுக்கு முதலாளி அவருக்குச் சனிக்கிழமை லீவு கொடுத்திருந்தார். இதனால் பேருந்தில் ஏறுகிற எல்லாருக்கும் அப்பாவிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

"இன்னா கண்டக்டரே, கிறிஸ்மஸ் அன்னிக்கு டூட்டி பாக்குறியே, நீ கிறிஸ்டினா இல்லியா?"

"கிறிஸ்டினுதாங்க. அந்தத் தேதி வேதத்துல இல்லீங்க. எங்க போவணும்?"

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவலன்னா சாமி கோச்சிக்காதா?"

"சனிக்கெழம போறம்ங்க. சில்லறையா குடுங்க."

டிக்கெட் கிழித்துக்கொண்டே பதில் சொல்வார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கும் அவர் ஒரு வழிமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். கேட்டால் ஒளிக்காதே. கேட்காததைச் சொல்லாதே. சண்டைக்கென்று கேட்கிறவனிடம் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அம்மாவின் முறை வேறு. யார் எது கேட்டாலும், "எனுக்கின்னா தெரியும், அவரக் கேளுங்க" என்று சிரித்துவிடுவாள். இரண்டில் எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்க சாமிக்கு மூஞ்சி இருக்கா?" என்றாள். நான் அடுத்த பஸ் நேரத்தைச் சொன்னேன். கள்ளக்குறிச்சி பெரிய சபைக்குப் போகிற இன்னொருத்தி, "நீங்க கிறிஸ்டினே இல்லியாம், எங்கம்மா சொன்னாங்க" என்றாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, நாம யாரு?"

"நம்புறவங்க."

"எதை?"

அப்பா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல சாப்டு" என்றார்.

பேருந்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று மட்டும் அப்பாவை நிறுத்தியது. மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கும் அம்மா ஒருவர் வாரா வாரம் ஏறுவார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். ஒருநாள் நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன்.

"உங்க சாமிக்கு இன்னா படைப்பீங்க?"

"ஒண்ணும் படைக்கறதில்லீங்க."

"பொங்கலு, கோழி, தேங்கா, ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப அது உங்கள எப்பிடி ஞாபகம் வெச்சிக்கும்?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்களுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார். அப்பா விசில் ஊதினார். அங்கே நிறுத்தமே இல்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துத் திட்டினார்.

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பால்வாடி டீச்சர். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையும் ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடையுமாக நடந்து போவாள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் இருந்ததே கொஞ்சம் குடும்பங்கள். அதில் மாப்பிள்ளைப் பருவத்தில் இருந்த எல்லாரும் அவளுக்குத் தம்பி முறை, இல்லாவிட்டால் மகன் முறை. வெளியே கொடுக்கலாம் என்றால், இந்துக்கள் எங்களைக் கிறிஸ்டியன் என்றார்கள், கிறிஸ்டியன்கள் எங்களை என்னவென்று சொல்வதென்றே தெரியாமல் நின்றார்கள்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில்தான் பெரிய சபையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் லைன்மேன். அவருக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாதான் பேசினார்.

"சனிக்கெழமையில அடுப்பே பத்த வெக்க மாட்டீங்களாமே?"

"வெள்ளிக்கெழமையே ஆக்கி வெச்சிக்குவோங்க" என்றாள் அத்தை.

"புளிச்சிப் போவாதா?"

"புளிசோறுதாங்க ஆக்குவோம்."

எங்கள் அம்மா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. பூ ஏன் வைப்பதில்லை, செத்தவர்களுக்கு ஏன் ஜெபம் செய்வதில்லை, பிள்ளை பிறந்தால் உடனே ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாக் கேள்வியும் அத்தைக்கு. எல்லாவற்றுக்கும் அத்தை பதில் சொன்னாள். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி எங்கள் வீட்டு வயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அப்பாவிடம், "அந்த சுவிட்சுல ஈரக் கையோட கை வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் சம்மதம் என்று ஆனது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு நிபந்தனையும் இருந்தது. பெரிய சபையின் போதகரை எல்லாரும் 'ஐயர்' என்று அழைப்பார்கள். கல்யாண அறிவிப்பு வாசிக்கும் முன் பெண் சபையார் முன்னால் வந்து தன் விசுவாசத்தைப் பற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார் அவர். எங்கள் சபையின் மூப்பர் பழைய மில் போர்மேன். ஜெபம் பண்ணும்போது தேம்பி அழுகிறவர். "அங்க போறதுக்கு முன்னாடி இங்க நம்ம முன்னாடி சொல்லிட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

அப்பாவுக்கு இது ஒரு பரீட்சை. வேலை முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றாமலேயே பலகையில் உட்கார்ந்துகொண்டு, தானே ஐயராகிக் கேள்வி கேட்பார். அத்தை பருப்பு புடைத்துக்கொண்டே வசனத்தோடு பதில் சொல்வாள். ஓய்வு நாள் எது, ஏன், எந்த அதிகாரம். மரித்தவர்கள் எங்கே, எந்த அதிகாரம். தவறினால் அப்பா திருத்துவார். கேட்டுக்கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அத்தைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் எல்லாரும் அவளைப் பதில் சொல்வதற்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை கிடங்கில் கூடினோம். காலையிலிருந்தே மழை. கிடங்குக்குத் தகரக் கூரை. பாட்டு முடிந்ததும் மூப்பர் எழுந்தார். அத்தையை முன்னால் வரச் சொன்னார். அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது, ஏனென்றால் அவர் கத்தித்தான் கேட்டார். "அம்மா, அங்க போயிட்டா நம்ம நாள விட்டுடுவியா?"

அத்தை பதில் சொன்னாள். உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து மழை இன்னும் வலுத்துத் தகரத்தில் கொட்டியதில் ஒரு எழுத்துகூட யாருக்கும் கேட்கவில்லை. மூப்பர் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதோ மில் இயந்திரத்தில் பாதி போன காது. அவர் கொஞ்ச நேரம் அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஆமென்" என்றார். நாங்களும் ஆமென் சொன்னோம். எதற்குச் சொன்னோம் என்று தெரியாமல் சொன்னோம். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "மாட்டேன்னு சொன்னா" என்றார். அம்மா, "தெரியலன்னு சொன்ன மாதிரி இருந்திச்சி" என்றாள். அத்தை குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளைக் கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி. நான் முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்து கடவுளைக் கும்பிட்ட நாள் அது. கால் தரையைத் தொடவில்லை. வார்னிஷ் வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும் பெண்கள் தலையிலிருந்து மல்லிகை வாசனையும் வந்தன. ஆர்மோனியம் வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பெஞ்சின் ஓரத்தில், இறங்க வேண்டிய நிறுத்தம் வரப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஐயர் நல்ல மனிதர். வெள்ளை அங்கியில், வயதானவர். அத்தையை அழைத்து மெதுவாகத்தான் கேட்டார். பிதாவை விசுவாசிக்கிறாயா? ஆமாங்க. குமாரனை? ஆமாங்க. பரிசுத்த ஆவியை? ஆமாங்க. எங்கள் அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அப்புறம் ஐயர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, "இதுவரைக்கும் நீ இருந்த கூட்டத்தாரின் உபதேசம் தவறானது என்று ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அப்பாவின் பரீட்சையில் இல்லை.

மேலே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது. ஒரு குழந்தை இருமியது. அப்பாவின் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு அத்தை, "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

"கேளும்மா."

அவள் ஐயரைக் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க இன்னா நம்புறீங்க?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை எழுந்தார். முன்னால் இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டார். தன் அம்மாவைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், கடைசியில் மேலே அந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"என்ன இதுவரிக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "யோசிச்சி சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியாக வெளியே போனார். ஐயர் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து பாடினார்கள். அத்தை அங்கேயே முன்னால் நின்றாள். அவளுக்கு அந்தப் பாட்டு தெரியாது.

சம்பந்தம் முறிந்தது என்று சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தத்தைவிடப் பெருமை அதிகம். "அத்தன பேர் முன்னாடி நம்ம விசுவாசத்துக்கு சாட்சி சொல்லிட்டா" என்றார். மூப்பர், "சபையில ஒரு பொம்பள எழுந்து ஆம்பளயக் கேள்வி கேக்கறதா? நாம இதா சொல்லிக் குடுத்தோம்?" என்று அழுதார். மாப்பிள்ளையின் அம்மா, தன் மகனை ஊர் முன்னால் முட்டாளாக்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா, "வந்த நல்ல எடத்த இவளே கெடுத்துக்கினா" என்று அடுப்போடு பேசினாள். நான் யார் சொன்னதை எடுத்துக்கொள்வது? அத்தை மட்டும் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள். அப்புறம் மறுநாள் பால்வாடிக்குப் போய்விட்டாள்.

பேருந்தில் கேள்வி ஜாஸ்தியானது. "உன் தங்கச்சி கோயில்லயே மாப்பிள்ளய மடக்கிடுச்சாமே கண்டக்டரே?" எதற்கும் பதில் வைத்திருந்த அப்பா இப்போது டிக்கெட்டை நீட்டிவிட்டு நகர்ந்தார். சாமை விற்கும் அம்மா மட்டும் வேறு மாதிரிக் கேட்டாராம். அப்பா வந்து எங்களிடம் சொன்னார்.

"அந்த மாப்பிள்ளப் புள்ள அப்புறம் பதில் சொல்லிச்சா?"

"இல்லீங்க."

"யோசிச்சிக்கினு இருக்கும். ஒடனே சொன்னாத்தான் பயப்படணும்."

கார்த்திகையின் கடைசியில் மழை விட்டு ஒரு வெயில் வருமே, அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். கேரியரில் கம்பம் ஏறும் தோல் பெல்ட் சுருட்டி வைத்திருந்தது. அத்தை வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் உள்ளேயிருந்து வந்தார்கள். அவர் உட்காரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"யோசிச்சேன். கடவுள் இருக்காருன்னு நம்புறேன். மத்ததெல்லாம் எங்கம்மா சொன்னது, அத நான் நம்புறனா இல்லியான்னு எனுக்கே தெரியல. நாள் எதுன்னும் தெரியல. கம்பத்துல ஏறுறப்ப வேண்டிக்குவேன். எறங்குனதும் மறந்துடுவேன். அவ்ளோதாங்க இருக்குது."

அப்பா வாயைத் திறந்தார். "தம்பி, இதுக்குப் பேரு விசுவாசம்னு..."

"போதும்ண்ணா" என்றாள் அத்தை. அப்பாவைச் சொன்னாளா, மாப்பிள்ளை சொன்னதே போதும் என்றாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

மாசியில் திருக்கோவிலூர் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. ஒரு புதன்கிழமை. மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை. மூப்பரும் வரவில்லை, ஆனால் அன்று முழுக்க அவர் சாப்பிடாமல் ஜெபத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்காகவா, அவர்களைத் தடுக்கவா என்று யாரும் சொல்லவில்லை. ஐயர் வந்தார். அங்கி இல்லாமல் வெறும் வேட்டி சட்டையில், எங்களோடு மர பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார். அப்பாவுக்கும் அவருக்கும் பேச எவ்வளவோ இருந்தது. இருவரும் பஸ் கட்டணம் ஏறியதைப் பற்றிப் பேசினார்கள்.

அத்தை புகுந்த வீட்டில் சனிக்கிழமை அவள் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். மாமாதான் கஞ்சி காய்ச்சுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் பெரிய சபையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். சில வருஷம் கழித்து மாமியார் அவர்களோடு வந்து தங்கினார். சாகும்வரை அத்தைதான் பார்த்துக்கொண்டாள். இரண்டு சபையிலும் அவர்கள் பேரைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வீட்டைப் பிடித்திருந்தது, வாரத்தில் இரண்டு நாள் லீவு விடுகிற வீடு என்று.

பிற்பாடு நானும் எங்கெங்கோ போய்விட்டேன். கல்யாணம், வேலை, வேறு ஊர், வேறு வேறு சபைகள். கிடங்கை இடித்துவிட்டார்கள். அப்பா கடைசிவரை அத்தை சாட்சி சொன்னாள் என்றே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நானும் பெரியவளானதும் என் பங்குக்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். அத்தனை ஆண்கள் கேட்ட கேள்வியைத் திருப்பி அவர்கள் முகத்தில் எறிந்த தைரியசாலி என்று என் மகளுக்குச் சொல்லி வளர்த்தேன்.

அந்தப் பந்தியில் மாட்டிக்கொண்ட பிறகு, அத்தையைப் போய்ப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாமா போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. பேச்சும் குறையவில்லை. ஆளுக்கொரு அர்த்தம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அப்பா சொன்ன சாட்சி, மூப்பர் சொன்ன திமிர், நான் சொன்ன தைரியம் எல்லாம்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "சாட்சியா? தைரியமா? கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சிடி."

"அப்ப எதுக்கு அத்தை அத்தன பேர் முன்னாடி அப்பிடிக் கேட்ட?"

"கட்டிக்கப் போற ஆளு. அவரு மனசுல இன்னா இருக்குன்னு எனுக்குத் தெரிய வேணாமா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒரு வார்த்த தனியா பேச வுட்டீங்களா? அப்புறமாவது வுட்டீங்களா? எல்லாரும் என்னியே கேட்டுக்கினு இருந்தீங்க" என்றாள். "அவரக் கேக்கறதுக்கு எனுக்கு வேற எடம் ஏதுடி?"